நாவறிந்த மரம்

ஆற்றின் அக்கரையில் அணிவகுத்து நின்ற செங்கற்சூளைகளின் புகையைக் கிழித்தெழுந்த இளவெயில், பாலத்தின் இரும்புக் கம்பிகளைத் தொட்டு, கரையோரப் பண்டகச்சாலைகளின் தகரக் கூரைகளில் சற்றே நின்று, அங்கிருந்து வழுக்கி விழுந்தாற்போல, மரம் அறுப்போரும் மரம் விற்போரும் மரம் சுமப்போரும் மிடைந்து வாழும் அந்நீண்ட தெருவுக்குள் இறங்கும் வேளை அது. அறுவை வாள்கள் ஒவ்வொன்றாய்க் கண்விழித்துச் சீறின. சரக்கு வண்டிகள் முனகியபடி பின்வாங்கின. ஈரமரத்தின் பச்சை மணமும் வண்டிகள் கக்கிய எரிநெய்யின் கரிமணமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாயில்தோறும் நுழைந்தன. தெருவின்மேல் மஞ்சள் மூடுபனிபோல மரத்தூள் மிதக்க, அதனூடே நடப்போர் அகவை இருபதாயினும் அறுபதாயினும், அவர்தம் தலைமயிர் ஒருபடித்தாய் நரைத்தே தோன்றிற்று.

அத்தெருவின் வளைவில், முன்னே ஒரு சிறு கடையும், நடுவே ஓர் அறையும், பின்னே வானம் பார்த்த முற்றமுமாய் ஒடுங்கி நீண்டு கிடந்தது ஒரு வீடு. கடையின் நிரைகளில் அகப்பைகளும் துடுப்புகளும், மாத் தேய்க்கும் உருளைகளும், பல் முளையாக் குழவியர்க்குக் கஞ்சி ஊட்டும் விரல்நீளக் கரண்டிகளும், துயிலும் பறவைகள்போல அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. முற்றத்தில் அமர்ந்து அவற்றைச் செதுக்குபவர் கணவர்; அறையில் அமர்ந்து அவற்றைத் தேய்த்து வழவழப்பாக்குபவள் மனைவி; கடையில் அமர்ந்து விற்பவள், கணவனை இழந்து தமக்கையின் நிழலுக்கு வந்துசேர்ந்த அவள் தங்கை. இம்மூவரையன்றி அவ்வீட்டில் எவருமிலர். மரவேலையன்றி அம்மூவர்க்கும் வேறு தொழிலில்லை.

கணவர்க்குத் தெரு இட்ட பெயர் நாக்குக்காரர் என்பது. அதன் வரலாறு எளியது. எந்த மரத்தையும் நாவில் வைத்துப் பாராமல் அவர் வாங்கியதில்லை. அவர் மரவாடியின் வாயிலில் தலை காட்டியதும் அறுப்போர் நகையாடத் தொடங்கிவிடுவர்.

"நாக்குக்காரர் வந்துட்டாரு. யாராவது ஓடிப்போய் அந்தக் கட்டைக்கு உப்பு, காரம் சரியா இருக்கான்னு பாருங்கப்பா."

"நேத்து இவர் நக்கிட்டுப் போன பலகை வெக்கப்பட்டு வளைஞ்சே போச்சு. அதை இனிமே யார் கட்டிக்குவா?"

அவரோ முகத்தில் ஒரு சுருக்கமும் இன்றி, கட்டையின் வெட்டுவாயைக் கத்தியால் சீவி, சீவலை மோந்து, நுனிநாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "சிரிங்க, சிரிங்க. நீங்க விக்கறது கதவுக்கும் கட்டிலுக்கும். யாரும் கதவைக் கடிச்சுத் தின்னப் போறதில்ல. என்னுது வாய்க்குள்ள போறது" என்பார். அச்சொற்களுக்குப் பின் நகைப்பு சற்றே அடங்கிவிடும்.

அவருடைய தேர்வின் ஒழுங்கு, படிப்போர் அறிந்து வியக்கத் தக்கது. பட்டை உரித்த மரத்தை அவர் தொடார். பட்டையும் இலையும் கண்டு இன்ன மரமென்று உறுதி செய்த பின்னரே விலை கேட்பார். பழங்கதவின் பலகை எத்துணை வைரம் பாய்ந்ததாயினும், அதன் மேற்பூச்சு சூட்டில் இளகி உணவில் கலக்குமென்று ஒதுக்குவார். சரக்குப்பெட்டிப் பலகையோ, பூச்சி அரியாதிருக்க நஞ்சூட்டப்பட்டதென்று காலாலும் தீண்டார். தந்தம்போல் வெளுத்து மின்னும் அரளியை, "அழகான கொலைகாரி" என்று கும்பிட்டு விலகுவார். கண்துளைகள் அகன்ற மரம் எச்சிலைத் தேக்கி அழுகவைக்கும் என்று கழிப்பார். இவ்வளவும் கடந்து தேறிய மரத்தின் சீவலைக் கொதிநீரில் இட்டு மூடி, மறுநாட் காலை அந்நீரின் நிறத்தையும் மணத்தையும் ஆராய்வார். சீவலை முழங்கையின் உட்புறத்தில் வைத்துக் கட்டி ஒரு பகல் முழுதும் தினவெடுக்கிறதா என்று காத்திருப்பார். ஈற்றில் அந்நீரைத் தாமே மூன்று நாள் அருந்துவார். இவ்வாறு முப்பது ஆண்டுகளில் அவர் நா இசைந்த மரங்கள் ஐந்தே: மா, பலா, புளி, வேம்பு, வாகை. அவற்றில் செய்த கரண்டிகளுக்கு ஆளிவிதை நெய்யும் தேன்மெழுகும் அன்றி வேறொன்றும் பூசப்படவில்லை. அவர் கரண்டியால் உண்டு வயிறு கெட்டவர் எவருமிலர் என்பதே அவருடைய ஒரே செருக்கு.

அச்செருக்கே ஒருநாள் சுத்தியலைக் கையில் எடுத்தது. நெய் பூசிய கரண்டி காய்வதற்கு நான்கு நாள் வேண்டும். அந்நான்கு நாளும் அது பசையோடிருக்கும். வீடு வளைவில் நின்றதால், அறையின் இரு சாளரங்களும் பக்கவாட்டில் தெருவை நோக்கியவை. தெருவோ புழுதியும் புகையும் ஓயாதது. ஒரு மாலை, காய்ந்துகொண்டிருந்த குழவிக் கரண்டி ஒன்றின் குழிவில் கரும்புழுதி ஒட்டியிருக்கக் கண்டு அவர் உள்ளம் பதைத்தது. "சாப்பிடற பொருள்ல தெருவே வந்து உக்காருதே" என்று கூறி, இரு சாளரங்களையும் சாத்தி, சட்டத்தைச் சுற்றி நெருக்கமாய் ஆணி அறைந்து, இடுக்குகளில் துணி திணித்து, காற்றுப் புகாதவாறு அடைத்துவிட்டார். தேய்த்தவற்றைப் புழுதியினூடே தூக்கிச் செல்லலாகாது என்பதால், அதுவரை முற்றத்தில் நடந்த தேய்ப்பும் இனி அவ்வறையிலேயே நடக்கவேண்டும் என்றும் வகுத்தார்; மரத்தூள் ஒட்டினால் குற்றமில்லை, அது அவர் நாவறிந்த மரத்தினது. அவர் செதுக்கியதோ வானம் பார்த்த முற்றத்தில். சீவல்கள் அவர் காலடியில் சுருண்டு விழுந்தன. தூளோ மனைவியின் மடியில் எழுந்தது. பதினான்கு ஆண்டுகள் இது நடந்தது.

அவள் வேலையின் நுட்பம் கணவருடையதற்குக் குறைந்ததன்று. முதலில் பருவெட்டு உப்புத்தாள், அடுத்து நடுத்தரம், ஈற்றில் மாவினும் மெல்லிய பொடித்தாள் என்று மும்முறை தேய்த்து, ஒவ்வொரு கரண்டியின் விளிம்பையும் தன் கீழுதட்டின்மேல் இடமிருந்து வலமாக ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். உதடு அறியாத ஒரு மரச் சிலாம்பும் அவ்வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. மாலையில் அவள் அறையைவிட்டு வெளிவரும்போது, இமைமயிர் தோறும் தூள் படிந்து, மகரந்தத்தில் புரண்ட வண்டுபோல் இருப்பாள்.

"அக்கா, இமையில மா, புருவத்துல பலா. இன்னும் நாலு நாள்ல நீ காய்ச்சுத் தொங்கப்போற" என்பாள் தங்கை.

"காய்ச்சா முதல் பழம் உனக்குத்தான். புளியா இருந்தா என்னைத் திட்டாத" என்பாள் அவள், சிரிப்பின் பின்னே ஓர் இருமல் வரும்.

அவ்விருமலைப் பனிக்காலத்தது என்றனர். பனி நீங்கியும் அது நீங்காதபோது வெயிற்காலத்தது என்றனர். வாகையைத் தேய்க்கும் நாட்களில் அவள் அடுக்கடுக்காய்த் தும்முவது வீட்டில் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. பின்னர் ஒருநாள், முற்றத்துக்கு இறங்கும் மூன்றே படிகளில் இரண்டாம் படியில் அவள் அமர்ந்துவிட்டாள், எழ முயன்றாள், நீரிலிருந்து எடுத்த மீன்போல வாய் திறந்து திறந்து மூடிற்று. அன்று முற்பகலே மருத்துவமனைக்குச் சென்றனர்.

மருத்துவர் ஓர் அம்மையார், சுருங்கப் பேசுபவர். நெஞ்சின் நிழற்படத்தை ஒளிப்பலகையில் மாட்டி நெடுநேரம் நோக்கியபின் வினவினார்.

"என்ன வேலை பாக்கறாங்க?"

"கரண்டி தேய்க்கறா" என்றார் நாக்குக்காரர். "ஆனா எல்லாம் நல்ல மரம் டாக்டரம்மா. ஒவ்வொண்ணும் நானே நாக்குல வெச்சுப் பாத்து எடுத்தது."

"நாக்குல வெச்சுப் பாத்தீங்க. சரி. தேய்க்கிற தூள் மூக்குல போகுமே, அதை எதுல வெச்சுப் பாத்தீங்க?"

அவர் திரும்பி, மனைவியின் இமையில் ஒட்டியிருந்த தூளை நோக்கினார்.

"தேய்க்கிற ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"ரெண்டு இருக்கு." சற்றே நின்று, தரையை நோக்கிச் சொன்னார்: "புழுதி ஒட்டுதுன்னு ஆணி அடிச்சுட்டேன்."

அம்மையார் எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் அவர் மெல்லச் சொன்னார். "நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும். இவங்களுக்கு நாரு நாரா இறுகிப்போச்சு. இறுகினது மறுபடி இளகாது. இனிமே தூசிப் பக்கமே போகாம இருந்தா, மிச்சம் இருக்கறது கொஞ்ச நாள் தாங்கும்."

"எந்த மரம்?"

"என்ன கேக்கறீங்க?"

"அஞ்சு மரம் வெச்சிருக்கேன். எது இப்படிப் பண்ணிச்சுன்னு சொன்னீங்கன்னா இன்னிக்கே அதை எடுத்து எறிஞ்சுடுவேன்."

"எதுன்னு எப்படிங்க சொல்றது? ஒண்ணாவும் இருக்கலாம், அஞ்சும் சேர்ந்தும் பண்ணியிருக்கலாம். நல்ல மரத்தோட தூசியும் தூசிதான்."

திரும்பும் வழியில், பேருந்தின் சாளரத்தோரம் காற்றை மிடறு மிடறாய் விழுங்கியபடி அமர்ந்திருந்த மனைவி, கணவரின் முழங்கையை இடித்தாள். "ஆணி அடிச்சதை ஏன் சொன்னீங்க? அந்தம்மா பாத்த பார்வையில நான் இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே போயிருவேன் போல இருக்கு." அவர் சிரிக்கக்கூடும் என்று எண்ணித்தான் அதனைக் கூறினாள். அவர் தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆயினும், நண்பரே, முப்பதாண்டுப் பழக்கம் ஒரு நாளில் உதிர்வதன்று. ஐந்தில் ஒன்றுதான் கள்ளமரம். அதனைக் கண்டுபிடித்துக் களைந்துவிட்டால் அவள் மூச்சு திரும்பிவிடும் என்று அவர் உள்ளம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டது. நாவால் தேர்ந்தவர் இப்போது நெஞ்சால் தேர முனைந்தார். மனைவியைக் கடைப்புறத்துக் கட்டிலில் கிடத்திவிட்டு, நாள்தோறும் நண்பகலில் அடைத்த அறைக்குள் புகுந்து தாழிட்டு, ஒரு மரத்துக்கு ஐந்து நாள் என்று வகுத்து, உப்புத்தாளால் தேய்த்தெழுந்த தூளை இரு நாழிகை ஆழ ஆழ உள்ளிழுத்தார். வாகையில் தொடங்கினார், அது தும்மலெழுப்பிய மரமாதலின் அதன்மேலேயே அவர்க்கு முதல் ஐயம். ஐந்து நாள் சென்றன. பின்னர் வேம்பு, பின்னர் மா. ஒன்றும் நேரவில்லை. முற்றத்துக் காற்றில் வளர்ந்த அவர் நெஞ்சு, துருத்திபோல் தடையின்றி ஏறி இறங்கிற்று.

புளியின் இரண்டாம் நாள், கதவு தட்டப்பட்டது.

"மாமா, கதவைத் திறங்க."

திறந்தார். தலை முதல் கால் வரை தூள் படிந்து வெளுத்து நின்ற அவரைக் கண்டு மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள என்னதான் பண்றீங்க?"

"வாகை முடிஞ்சுது, வேம்பு முடிஞ்சுது, மா முடிஞ்சுது. இது புளி. எது குத்துதுன்னு பாக்கறேன்."

"குத்துச்சா?"

"இல்ல. ஒரு இருமல்கூட வரல. என் நாக்கு எல்லாத்தையும் சொல்லும். இந்த நெஞ்சு வாயே திறக்க மாட்டேங்குது."

அவள் சுவரோரம் கிடந்த ஆணிபிடுங்கியை எடுத்து, முதற் சாளரத்தின் சட்டத்துக்குள் செருகி, முழு உடலின் பாரத்தையும் அதன்மேல் சாய்த்தாள். துருவேறிய ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது. இரண்டாவதைப் பிடுங்கியபடியே, திரும்பிப் பாராமல் பேசினாள்.

"அக்கா மூச்சை வெச்சுத்தான் பதினாலு வருஷம் பாத்தாச்சே மாமா. இன்னும் என்ன பாக்கணும்?"

ஆணிகள் ஒவ்வொன்றாய்த் தரையில் விழுந்தன. சாளரம் திறந்தது. பகலொளி நீண்ட பலகைபோல் அறைக்குள் சரிய, உத்திரங்களின்மேல் பதினான்கு ஆண்டுகளாய்ப் படிந்திருந்த தூள், மா எது, பலா எது என்று பிரித்தறிய ஒண்ணாத ஒரே பொன்னிறமாய் அவ்வொளியில் எழுந்து சுழன்றது. தூசியும் அழகுடையதென்று அவர் அன்றுதான் கண்டார்.

அதன்பின் அவர் தூளெழாக் கரண்டி செய்யக் கற்றார். பச்சை மாங்கொம்பை ஈரம் உலராமுன் கத்தியாலன்றி வேறெதனாலும் தொடாது, மெல்லிய சீவல் சீவலாய் இழைத்து, ஒன்றைச் செய்து முடித்தார். அதில் கஞ்சி எடுத்து மனைவியின் வாயருகே கொண்டுசென்றார். அவள் அருந்தவில்லை, கரண்டியைக் கையில் வாங்கிக் கஞ்சியைக் கிண்ணத்தில் சாய்த்துவிட்டு, விளிம்பைக் கீழுதட்டின்மேல் இடமிருந்து வலமாக இழுத்தாள்.

"நெரடுது."

"நெரடினா நெரடட்டும். தூசி இல்லாமப் பண்ணினேன்."

"எனக்குச் சரி. பல்லு முளைக்காத வாய்ல இதை வெச்சா கீறிடுங்க. கடையில வெச்சுடாதீங்க." மூன்று மூச்சு இளைப்பாறினாள். "அந்தப் பொடித்தாள் ஒரு துண்டு இருந்தாக் குடுங்களேன். இந்த ஓரம் மட்டும்."

"மாட்டேன்."

"சரி, வேணாம்." பின்னும் மூன்று மூச்சு. "ஒண்ணு சொல்லுங்க. தங்கச்சிய அந்த ரூம்ல உக்கார வெக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"முழுசாச் சொல்லுங்க."

"உன் தங்கச்சிய அந்த ரூம்ல உக்கார வெக்க மாட்டேன்."

அவள் கஞ்சியை அருந்தினாள். அதன்பின் பதினேழு நாள் இருந்தாள். தாளில்லாத கையால், போர்வையின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு, அக்கரண்டியின் விளிம்பை ஓயாது தேய்த்துக்கொண்டே கிடந்தாள். பதினெட்டாம் நாட் காலையில், வண்டிகள் வெளியே முனகிக்கொண்டிருக்க, கை நின்றது. கரண்டியின் இடப்பக்கம் சற்றே மின்னிற்று. வலப்பக்கம் கத்தி விட்டுச்சென்ற வண்ணமே இருந்தது.

பெருந்துயர் ஒன்றோடு கதை முடியுமாயின் அதுவும் ஒருவகை ஆறுதலே. வாழ்வு அவ்வாறு முடித்துத் தருவதில்லை. மறுமாதம் தேய்க்கும் வேலையை நாக்குக்காரரே மேற்கொண்டார். ஆனால் முப்பதாண்டு உளி பிடித்துக் காய்த்துப்போன அவர் விரல்கள் சிலாம்பை அறியவில்லை. எத்தனையோ மரத்தின் சாறு பட்டுத் தடித்த உதடும் அறியவில்லை. ஒருநாள் இளந்தாயொருத்தி குழவிக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து கடைப்பலகையில் வைத்தாள்.

"பாப்பாவுக்கு உதடு கீறிடுச்சுங்க. என் மூத்தவளுக்கும் உங்க கரண்டிதான். அது வெண்ணெய் மாதிரி போகும். இது என்ன இப்படி இருக்கு?"

மைத்துனி அதனை வாங்கித் தன் கீழுதட்டின்மேல் இழுத்துப் பார்த்தாள். வேறொன்றைத் தேர்ந்து கொடுத்தனுப்பினாள். அன்று முதல் அவர் தேய்த்த ஒவ்வொன்றையும் அவள் உதட்டால் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தருவதும், அவர் மீண்டும் தேய்ப்பதும், அவள் மீண்டும் திருப்பித் தருவதுமாய்ப் பகல்கள் கழிந்தன. நான்காம் முறையும் நெரடிய ஒரு கரண்டியைப் பொறுமையிழந்து பிடுங்கி, "இந்த ஓரம் மட்டும்தான் மாமா, குடுங்க" என்று தானே தேய்த்தாள். மறுநாள் இரண்டு ஓரம். அடுத்த கிழமை அவள் தமக்கையின் பலகையில் அமர்ந்திருந்தாள். வாயிலும் மூக்கிலும் ஈரத்துணி கட்டியிருந்தாள். இரு சாளரங்களும் அகலத் திறந்திருந்தன.

"எழுந்திரு. உங்கக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அது உங்ககிட்ட வாங்கின வாக்கு. என்கிட்ட வாங்கலையே. நீங்க ஒண்ணும் உக்கார வெக்கல, நானாத்தான் உக்காந்தேன்." தாளை மடித்துக்கொண்டே மெதுவாய்ச் சொன்னாள்: "குழந்தை வாய் கீறுதுங்க மாமா. என்ன பண்ணச் சொல்றீங்க?"

உண்பவர் வாய்க்கு ஊறின்றித் தருவதே தம் தொழிலின் அறம் என்று முப்பதாண்டு கூறிவந்தவர் அவர். அவ்வறமே இப்போது அவள் மடியில் தூளாய் எழுந்துகொண்டிருந்தது.

திறந்த சாளரமோ தன் பழைய கடனை மறக்கவில்லை. நெய் பூசிக் காயவைத்த கரண்டிகளின்மேல் தெருப்புழுதி வந்து ஒட்டிற்று. ஒட்டியதை நீக்க மறுபடி தேய்க்கவேண்டியதாயிற்று. மறுபடி தேய்க்க மறுபடி தூள் எழுந்தது. முற்றத்தில் அமர்ந்து தேய்த்தாலோ, தாளுக்கும் மரத்துக்கும் இடையே புழுதி புகுந்து விளிம்பைக் கீறிற்று. வெளியே நின்றால் புழுதி, உள்ளே நின்றால் தூள்; இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை அவ்வீடு கட்டியவர் அமைத்திருக்கவில்லை.

இலையுதிரும் பருவத்தின் ஒரு பிற்பகல். முற்றத்தில் செதுக்கிக்கொண்டிருந்த நாக்குக்காரர், அறையின் ஒளி சற்றே மங்கக் கண்டு தலை நிமிர்ந்தார். ஒரு சாளரம் சாத்தியிருந்தது. ஆணியில்லை, தாழுமில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறி வாயிலில் வந்து நின்றார்.

"எண்ணெய் காயற வரைக்கும்தான் மாமா" என்றாள் அவள், அவர் கேளாமலே. சொல்லி முடிக்கையில் துணியின் பின்னிருந்து ஓர் இருமல் வந்தது, சிறியது, ஒன்றே ஒன்று.

வெளியே ஓர் அறுவை வாள் நெடுமரமொன்றைப் பிளந்து முடித்து ஓய்ந்தது.

"பொறையேறிச்சு" என்றாள் அவள். "எச்சில்தான்."

அவர் சாளரத்தருகே சென்று கதவின்மேல் கை வைத்தார். திறந்தால், நிரையில் காயும் நாற்பது கரண்டிகளும் அவள் மடிக்குத் திரும்பிவரும்; திறவாவிடில் காற்று வராது. எந்த மரம் நாவுக்கு இனியது, எது தோலுக்குத் தீயது, எது நெருப்பில் நஞ்சு கக்கும் என்று அறிந்திருந்த அம்மனிதர், ஒரு கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றறியாது நின்றார். அவர் பின்னே உப்புத்தாள் மீண்டும் மெல்ல ஒலிக்கத் தொடங்கிற்று.

உலகின் எத்தனையோ அடுக்களைகளில், அன்னையர் கை அக்கரண்டிகளை எடுக்கின்றது; கஞ்சியின் சூட்டை ஊதி ஆற்றுகின்றது; குழவியின் இதழ் ஒரு கீறலுமின்றி அதனை ஏற்கின்றது. அவ்வழவழப்பு மரத்துக்கு இயல்பானதென்றே எல்லோரும் எண்ணுகின்றனர். வாய் அறிவது கரண்டியின் விளிம்பை மட்டுமே. அவ்விளிம்பு எவர் மூச்சைத் தின்று தேய்ந்ததென்பதை எந்த நாவும் சொல்வதில்லை.